ஹெக்சேன்–எத்தனால் கொதிநிலை மாறாக் கலவையை அயனித் திரவத்தைக் கொண்டு பிரிக்க முடியுமா?

முடியும். அயனித் திரவம் என்பது அயனிகளால் மட்டுமே ஆன, தாழ்ந்த வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும் உப்பு. ஹெக்சேன் 68.7 டிகிரி செல்சியசிலும் எத்தனால் 78.3 டிகிரியிலும் கொதித்தாலும், எடையில் ஏறத்தாழ 21 சதவீதம் எத்தனால் உள்ள கலவை 58.7 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அப்போது ஆவிக்கும் திரவத்துக்கும் இயைபு ஒன்றாகவே இருப்பதால், சாதாரணக் காய்ச்சி வடித்தலால் அந்த எல்லையைத் தாண்ட இயலாது.

தண்ணீர் விட்டுக் குலுக்கினாலே எத்தனால் அதில் இறங்கிவிடுமே என்று நீங்கள் கேட்டால் அது நியாயமானதே. ஹெக்சேன் மட்டும் கிடைத்தால் போதும் என்றால் நானும் தண்ணீரையே பரிந்துரைப்பேன். எத்தனாலும் நீரற்றதாகத் திரும்ப வேண்டும் என்றால், 95.6 சதவீதத்தில் எத்தனாலும் நீரும் சேர்ந்து இன்னொரு கொதிநிலை மாறாக் கலவையாகி வழியை அடைத்துவிடும். அயனித் திரவத்துக்கு ஆவியழுத்தம் ஏறக்குறைய இல்லை என்பதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

இதற்கு நான் விரும்புவது 1-எத்தில்-3-மெத்தில்இமிடசோலியம் எத்தில்சல்பேட். எத்தனாலின் ஹைட்ராக்சில் (OH) தொகுதி, இத்திரவத்தின் எதிர்மின் அயனியான எத்தில்சல்பேட்டோடு ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகப் பற்றிக்கொள்கிறது. ஹெக்சேனுக்கு அங்கே இடமே இல்லை. பிரிபுனலில் குலுக்கி வைத்தால், அடர்த்தி மிகுந்த அயனித் திரவம் எத்தனாலோடு அடியில் தங்க, மேலே ஹெக்சேன் தெளிந்து நிற்கும். அடி அடுக்கை இறக்கி, குறைந்த அழுத்தத்தில் சுழல் ஆவியாக்கியில் வைத்தால் எத்தனால் வெளியேறும். அயனித் திரவம் பாகுபோல் கெட்டியானது என்பதால் கடைசிச் சுவடுகள் மெதுவாகத்தான் பிரியும். ஆகவே எடை மாறாமல் நிற்கும்வரை பொறுத்து, பிறகு மறுபடி பயன்படுத்துங்கள்.

நேர்மின் அயனியில் உள்ள ஆல்க்கைல் சங்கிலியை (கார்பன்–ஹைட்ரஜன் தொடரை) நீட்டினால் ஹெக்சேனும் கரையத் தொடங்கிப் பிரிக்கும் திறன் குறைந்துவிடும். எனவே குட்டையான சங்கிலியே நல்லது. ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட்டை எதிர்மின் அயனியாகக் கொண்ட அயனித் திரவங்களை இதற்கு எடுக்கவே வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனெனில் ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அவை நீராற்பகுப்படைந்து (நீரால் சிதைந்து), கண்ணாடியையே அரிக்கும் ஹைட்ரஜன் ஃபுளோரைடை வெளியிடும். எத்தில்சல்பேட்டையும் ஈரத்தோடு நெடுநேரம் சூடாக்கக் கூடாது.

இதே முறையை எத்தனால்–நீர் கலவைக்கு அப்படியே கொண்டுபோக வேண்டாம். இரண்டுமே இத்திரவத்தில் கரைந்து ஒரே அடுக்காகிவிடும் என்பதால், அங்கே அயனித் திரவத்தை வடிகலனுக்குள் செலுத்தி, நீரைப் பிடித்துவைத்து எத்தனாலை மேலே வடிக்கும் முறையே ஏற்றது.