பக்கத்துச் செக்கில் 40 ரூபாய் குறைவு: நானும் இறக்கட்டுங்களா?

கேள்வி: காங்கயம் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கிறேன். தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாய். கொப்பரை, கூலி, கரண்ட், பாட்டில் எல்லாம் கூட்டி, புண்ணாக்கு விற்ற காசைக் கழித்தால் 340 அடக்கம். மாதம் 300 லிட்டர் போகும். புதிதாக வந்த செக்கில் பாட்டில் 360-க்குத் தருகிறார்கள். நானும் இறக்கட்டுங்களா?

பதில்: வேண்டாமுங்க. முதலில் அந்தப் பாட்டிலை ஒன்று வாங்கி அளவைப் பாருங்கள். பார்வைக்கு லிட்டர் பாட்டில் போலவே 900 மில்லி பாட்டிலும் இருக்கும். அப்படியானால் அவர் விலையும் லிட்டர் 400 தான், சண்டையே இல்லை.

முழு லிட்டர்தான் என்றே வைத்துக்கொள்வோம். இன்று லிட்டருக்கு 60 வீதம் மாதம் 18,000 நிற்கிறது. 360-க்கு இறக்கினால் லிட்டருக்கு 20 தான். அதே 18,000 பார்க்க 900 லிட்டர் விற்க வேண்டும். அத்தனை ஆட்ட உங்கள் செக்குக்கும் ஆளுக்கும் தெம்பு இருக்கிறதா? மறுபக்கம் பாருங்கள்: 420 ஆக்கினால் லிட்டருக்கு 80. நான்கில் ஒரு வாடிக்கை போய் 225 லிட்டர் விற்றாலும் 18,000 வந்துவிடும். உடனே ஏற்றச் சொல்லவில்லை. இறக்குவதில் எவ்வளவு போகிறது என்பது இந்தக் கணக்கைப் போட்டால்தான் உறைக்கும்.

விலை பார்த்து வாங்குபவர்களுக்கு லிட்டர் விலையைத் தொடாமல் வேறு வழி கொடுங்கள். ஐந்து லிட்டர் கேன் 1,950. பாட்டில் செலவு மிச்சமாவதால் உங்களுக்குப் பெரிய நட்டமில்லை. தலைக்குத் தேய்க்க வாங்குபவர் லிட்டர் கணக்கே பார்ப்பதில்லை, அவருக்கு 200 மில்லி 95 ரூபாய். சொந்தக் கொப்பரை கொண்டுவருபவர்களுக்குக் கூலிக்கு ஆட்டிக் கொடுங்கள். அதில் கொப்பரை விலை ஏறி இறங்கும் தலைவலி உங்களுக்கு இல்லை.

அந்தத் தலைவலிதான் இந்தத் தொழிலில் பெரியது. ஒரு லிட்டருக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ கொப்பரை போகிறது. கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் அடக்கம் 15 ஏறும். போன மாதம் வாங்கிய சரக்குதானே என்று பழைய விலைக்கே விற்றால், அடுத்த மூட்டைக்குக் கைக்காசு போட வேண்டிவரும். இன்றைக்கு வாங்கினால் என்ன விலையோ, அதை வைத்தே அடக்கம் போடுங்கள்.

விலை ஏற்றும்போது வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது? கடை முன்னால் ஒரு பலகை வைத்து, பெருந்துறை, அவல்பூந்துறை ஏலத்தில் போன கொப்பரை விலையையும் அதன் கீழே உங்கள் எண்ணெய் விலையையும் எழுதுங்கள். தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஊரில் அந்தக் கணக்கு எல்லோருக்கும் புரியும். ஆனால் கொப்பரை இறங்கும்போது பலகையிலும் இறக்க வேண்டும். அப்போது எழுத மறந்தால் பலகையைக் கழற்றிவிடுவதே மேல். இன்னொன்று: லேபிளில் அச்சான அதிகபட்ச விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அதனால் லேபிளை ஒரேயடியாக ஆறு மாதத்துக்கு அடித்து வைக்காதீர்கள்.