மீன் தொட்டியில் பாசி திரும்பத் திரும்பப் பிடிக்கிறது, என்ன செய்வது?

வாரா வாரம் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவியும் நாலாம் நாளே கண்ணாடி பச்சையாகிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தக் கழுவலை நிறுத்துங்கள். நானும் ஒரு வருஷம் அதைத்தான் செய்தேன். பில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவினால் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து போய்விடுகிறது. பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை அலசினால் போதும்.

எங்கள் வீடு வேலூர் சத்துவாச்சாரியில். ஹாலில் இரண்டடித் தொட்டி, நாலு கோல்டு பிஷ். (ஐம்பது லிட்டருக்கு நாலு அதிகம்தான், வாங்கும்போது தெரியவில்லை.) கிழக்கு ஜன்னலை ஒட்டி வைத்திருந்தேன். காலை வெயில் இரண்டு மணி நேரம் நேராகக் கண்ணாடியில் விழும். பார்க்க அழகு, பாசிக்கு விருந்து. போதாததற்கு எல்இடி விளக்கு ராத்திரி பத்து வரை எரியும். தொட்டியை உள்சுவர்ப் பக்கம் மாற்றி, விளக்குக்கு ஒரு டைமர் போட்டு, ஏழு மணி நேரத்தோடு நிறுத்தினேன். பாதிப் பாசி அதிலேயே அடங்கியது.

மீதிப் பாதிக்குக் காரணம் எங்கள் அம்மா. நான் காலையில் தீனி போட்டுவிட்டு வேலைக்குப் போவேன். "பாவம்டா, வாயைத் திறந்து திறந்து மூடுது" என்று மதியம் ஒரு பிடி, சாயங்காலம் ஒரு பிடி, நடுவில் பொரி வேறு. ஒருநாள் கூழாங்கல்லை நகர்த்தினால் அடியில் ஊறிப்போன பொரி வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. அது அழுகி நைட்ரேட், பாஸ்பேட்டாகக் கரையும்; பாசிக்கு அதுதான் உரம். இப்போது ஒரு நாளைக்கு ஒரே வேளை, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவு. டப்பா பரண்மேல்.

தண்ணீர் விஷயம். வாரம் ஒரு பெரிய பக்கெட், பதினைந்து லிட்டர், சைபன் குழாயால் கல்லுக்கு அடியிலிருந்து உறிஞ்சி எடுத்துவிட்டு அதே அளவு புதுத் தண்ணீர். எடுத்ததைக் கொட்டாதீர்கள், எங்கள் மாடியில் முள்ளுக்கத்தரிச் செடி அதைக் குடித்துத்தான் காய்க்கிறது. கோடையில் நம்மூர் மேல்தொட்டித் தண்ணீர் மதியம் கொதிக்கும், அதனால் முந்தின நாளே பக்கெட்டில் பிடித்து வைத்துவிடுவேன். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் மருந்தும் சேர்க்க வேண்டும். போர்த் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்குக் கண்ணாடி விளிம்பில் வெள்ளைக் கோடு வரும். அது பாசி இல்லை, உப்பு. தொட்டி காலியாக இருக்கும்போது வினிகர் துணியால் துடைத்துக் கழுவினால் போய்விடும்.

கண்ணாடியில் இல்லாமல் தண்ணீரே பச்சைப் பாயசம் மாதிரி இருந்தால் கதை வேறு. மூன்று நாள் விளக்கை அணைத்து, கம்பளியால் தொட்டியை முழுக்க மூடுங்கள். தீனி வேண்டாம். காற்று மோட்டார் மட்டும் நிற்கவே கூடாது: பாசி சாகும்போது ஆக்சிஜன் குறையும், வெயில் காலத்தில் தண்ணீரில் ஏற்கெனவே அது கம்மி. நான்காம் நாள் தண்ணீர் மாற்றுங்கள். பாசிக்கொல்லி மருந்து நான் வாங்குவதில்லை. பலவற்றில் தாமிரம் இருக்கிறது, நத்தையும் இறாலும் தாங்காது.

அப்புறம், "சக்கர் மீன் போடுங்க சார், சுத்தமா தின்னுடும்" என்பார்கள். நானும் போட்டேன். சின்னதில் தின்றது. வளர வளரப் பாசியை விட்டுவிட்டு கோல்டு பிஷ் தீனிக்குப் போட்டிக்கு வந்தது, கழிவும் அதுதான் அதிகம். ஒரு அடிக்கு மேல் வளரும் மீன் அது. கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். தயவுசெய்து ஏரியில் விட்டுவிடாதீர்கள், தென் அமெரிக்க மீன் அது, உள்ளூர் மீனுக்கு ஆபத்து.

அதற்குப் பதில் வேகமாக வளரும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி நாலு கொத்து நட்டேன். பாசிக்குப் போகிற சத்தை அது எடுத்துக்கொள்ளும். முன் கண்ணாடியை மட்டும் பத்து நாளைக்கு ஒருமுறை பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டுகிறேன். பின் கண்ணாடிப் பாசியைத் தொடுவதில்லை, மத்தியானப் பசிக்கு மீன்கள் அதைத்தான் கொறிக்கின்றன. அம்மாவுக்கும் நிம்மதி.