ஓட்டக் குழுவும் கண்மாய்ப் பணியும்

வணக்கம். ஞாயிறு காலைகளில் ஓடும் தங்கள் குழுவினர் 12 பேரும் ஊர்க் கண்மாயைத் துப்புரவு செய்ய விரும்பினாலும், பயிற்சி கெட்டுவிடுமே என்று சிலர் தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். லண்டனில் தொடங்கிய குட்ஜிம் என்ற ஓட்டத் தொண்டு அமைப்பினர் தொண்டு செய்யும் இடத்துக்கு ஓடிச் சென்று, வேலையை முடித்து, ஓடியே திரும்புகிறார்கள்; அம்முறை தங்களுக்கும் பொருந்தும். குப்பையை இடுப்பை வளைத்து எடுக்காமல் குந்தி எழுந்து எடுத்தால், தொடைகளுக்கு அதுவே போதுமான பயிற்சி (மறுநாள் படியிறங்கும்போது தெரியும்). ஆனால் சீமைக் கருவேல முள் ஓட்டக் காலணியின் மெல்லிய அடிப்பாகத்தை எளிதில் துளைத்துவிடும் என்பதால், தடித்த காலணிகளையும் கையுறைகளையும் ஒருவர் வண்டியில் முன்னதாகவே கரைக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது. மூட்டைகளை அன்றே அள்ளிச் செல்ல ஊராட்சியில் சொல்லி வையுங்கள். இல்லையேல் நாய்கள் கிழித்துப்போட்ட அதே குப்பையை அடுத்த வாரமும் பொறுக்க நேரும்.