வீணாகக் கிடக்கும் நிலமா சகாரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சகாராவின் மணல்மேடுகள் எப்படி உருவாகின்றன? அங்கே வெயில் 58 டிகிரியைத் தொடுமாமே? இவ்வளவு பெரிய நிலம் யாருக்கும் பயனின்றி வீணாகக் கிடப்பது ஆற்றாமையாக இருக்கிறது. மரங்களை நட்டு அதைப் பசுமையாக்க முடியாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எங்கோ இருக்கும் ஒரு நிலத்துக்காக வருந்தும் மனம் உங்களுக்கு இருக்கிறது; அதற்காகவே இந்தப் பதில். ஆனால், வீணாகக் கிடக்கிறது என்று தீர்ப்பெழுத உங்களுக்கு எங்கிருந்து துணிவு வந்தது? சில வாரங்களாகப் பாலைநிலத் தூசியைப் பற்றியே படித்துக்கொண்டிருப்பதால், உங்கள் வரி சற்றுக் கூடுதலாகவே உறுத்திவிட்டது.

1922இல் லிபியாவில் பதிவானதாகச் சொல்லப்பட்ட அந்த 58 டிகிரியை உலக வானிலை அமைப்பு 2012இலேயே தள்ளுபடி செய்துவிட்டது, அதை விடுங்கள்.

நிலநடுக்கோட்டருகே சூடேறி எழும் காற்று, தன் ஈரத்தை அங்கேயே மழையாகக் கொட்டிவிட்டு, வடக்கே நகர்ந்து சகாராவின்மேல் இறங்குகிறது. இறங்க இறங்க அழுந்திச் சூடாவதால் மேகம் திரள வழியில்லை. கன்றுகளை நட்டு இந்தச் சுழற்சியை நிறுத்திவிட முடியாது. 2007இல் ஆப்பிரிக்க ஒன்றியம் தொடங்கிய பசுமைப் பெருஞ்சுவர்கூடச் சகாராவின் நடுவே அன்று, அதன் தென்விளிம்பான சாஹெலில்தான் எழுகிறது.

இனி, அது வீணா என்பதற்கு வருவோம். சகாராவுக்குள் அடங்கும் சாட் நாட்டின் வடபகுதியில், பெரும் ஏரியொன்று வற்றிப்போன இடத்தில், போதேலே என்னும் பள்ளம் இருக்கிறது. அந்த ஏரியில் வாழ்ந்து மடிந்த டயாட்டம் என்னும் நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகளே அங்கு வெண்மண்ணாகப் படிந்துள்ளன. திபெஸ்தி, என்னெடி மலைகளுக்கிடையே நெருக்குண்டு சீறிவரும் காற்றில் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று மோதி மாவாகி எழுகின்றன. சகாராவின் இத்தகைய தூசி அத்திலாந்திக்கைக் கடந்து, செடிகொடிகளுக்கு உரமாகும் பாஸ்பரஸை ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 டன் அமேசான் படுகையில் சேர்ப்பதாகச் செயற்கைக்கோள் அளவீடுகள் மதிப்பிடுகின்றன. அங்கே மழை அரித்துச் செல்லும் பாஸ்பரஸும் ஏறக்குறைய அவ்வளவுதான். காட்டைப் போற்றிப் பாலையைப் பழிப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை. பூமியின் அச்சுத் தள்ளாட்டத்தால் பருவமழை வடக்கே ஏறிவந்து சகாரா புல்வெளியாக இருந்த காலமும் உண்டு. அக்காலத்தில் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் கடலடியில் படிந்த வண்டலில் தூசி குறைவு. சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன்புதான் அது சட்டெனக் கூடுகிறது. நீங்கள் விரும்பும் பசுமை திரும்பினால், இந்தத் தூசியும் குறையும். அதையும் சேர்த்தே கேட்கிறீர்களா?

மணல்மேடுகளைப் பற்றித் தனியே எழுதுகிறேன். சகாராவில் மணற்பரப்பு ஏறத்தாழ கால்பங்குதான், எஞ்சியதில் பெரும்பகுதி பாறைமேடும் சரளைச் சமவெளியும் என்பதை மட்டும் இப்போதைக்குக் குறித்துக்கொள்ளுங்கள்.