டிஸ்க் மாற்றுவதற்கு முன் ஹப்பைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: ஹட்டனில் இருக்கிறேன். கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது. பிரேக் பிடிக்காமல் ஓடினால் ஒன்றும் இல்லை. கராஜில் முன் டிஸ்க் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்:

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். அவசரப்பட்டு மாற்றி ஒருமுறை காசு செலவழித்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் தலவாக்கலையில் இருக்கிறேன். வண்டி பழைய கொரோலா 121. எனக்கும் இதே நடுக்கம்தான் வந்தது. றம்பொடை வளைவுகளில் பிரேக்கைத் தொட்டாலே ஸ்டியரிங் இரண்டு கைக்குள்ளும் படபடவென்று அடிக்கும். கராஜில் பார்த்துவிட்டு "டிஸ்க் பெண்ட்" என்றார்கள். இரண்டையும் மாற்றினேன். அன்றைக்கு வண்டி பட்டுப்போல ஓடியது. மூன்றரை மாதம் போனதும் அதே நடுக்கம், அதே வளைவில்.

அப்புறம் கண்டியில் வேறொரு மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன். அவர் டிஸ்க்கை நட் போட்டு இறுக்கி, நுண்ணிய ஆட்டத்தையும் முள்ளில் காட்டும் டயல் கேஜை அதன் முகத்தில் வைத்து, கையால் மெதுவாகச் சுற்றினார். முள் 0.09 மில்லிமீற்றர் வரை போய் வந்தது. பொதுவாக 0.05-க்குள் இருக்க வேண்டும். டிஸ்க்கைக் கழற்றினார். அது உட்காருகிற ஹப்பின் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதி) முகத்தில் ஒரு பக்கம் துரு செதில் செதிலாக எழும்பியிருந்தது. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. வயர் பிரஷ்ஷும் சாண்ட் பேப்பரும் கொண்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, திரும்பப் போட்டு அளந்தார். 0.03. சாய்வுக்குக் காரணம் அந்தத் துருதான்! முதல் கராஜில் துருவின் மேலேயே புது டிஸ்க்கை வைத்துப் பூட்டியிருந்தார்கள். எங்கள் பக்கத்து மழைக்கும் பனிக்கும் ஹப் துருப்பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

புது டிஸ்க் போட்ட அன்றே நடுங்காமல், மூன்றரை மாதம் கழித்து நடுங்கியது ஏன் என்பதுதான் இதில் விளங்கிக்கொள்ள வேண்டிய இடம். டிஸ்க் கொஞ்சம் சாய்ந்து சுற்றினால் அது உடனே கைக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் பிரேக்கைத் தொடாமல் ஓடும்போதும் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடம் போய்ப் பேடில் (டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை) லேசாக உரசும். ஆயிரக்கணக்கான கிலோமீற்றரில் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலியும். தடிப்பில் 0.02 மில்லிமீற்றர் வித்தியாசம் வந்தாலே போதும், பிரேக் பிடிக்கையில் பேட் மெலிந்த இடத்தில் தளர்ந்து தடித்த இடத்தில் இறுகும். அந்த இழுபறிதான் ஸ்டியரிங்கில் அடிக்கிறது. "பெண்ட்" என்று சொல்லப்படுகிற டிஸ்க்குகளில் பெரும்பாலானவை வளைந்தவை அல்ல. ஒன்றில் இப்படித் தேய்ந்தவை, இல்லாவிட்டால் சூட்டில் பேடின் பொருள் ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டவை.

உங்களுக்கு ஸ்டியரிங் ஆடுவதால் கோளாறு பெரும்பாலும் முன்னால்தான். சீட்டும் பெடலும் மட்டும் அதிர்ந்தால் பின் பக்கத்தைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். பிரேக் பிடிக்காமலே 80 கிலோமீற்றர் வேகத்தில் ஆடினால் அது டயர் பேலன்ஸ். ஈர ரோட்டில் பலமாக மிதிக்கும்போது பெடல் காலடியில் டகடகவென்று தள்ளினால் அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்வது, பயப்பட வேண்டாம்.

ஹப்போடு, பேடை அழுத்தும் கலிப்பர் நகர்வதற்கு உள்ள ஸ்லைட் பின்னையும் பார்க்கச் சொல்லுங்கள். என் வண்டியில் இடது பக்கக் கீழ்ப் பின் இறுகிக் கிடந்தது. உள் பேட் 3 மில்லிமீற்றர், வெளிப் பேட் 8. ஸ்லைட் பின் அசையாவிட்டால் பேட் டிஸ்க்கை விடாது, இறக்கம் முழுக்க உரசிச் சுட்டுக்கொண்டே வரும். துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கிற கிரீஸ் பூச வேண்டும். சாதாரண கிரீஸ் பூசினால் ரப்பர் ஊதிப்போய் மறுபடி இறுகும்.

ஹப் சுத்தமாகி, ஸ்லைட் பின்னும் நன்றாக அசைந்தால், அப்புறம் டிஸ்க்கின் தடிப்பை அளக்கச் சொல்லுங்கள். குறைந்தபட்சத் தடிப்பு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்கு மேலே போதிய அளவு இருந்தால் லேத்தில் மெல்லிசாக வெட்டினால் போதும், அந்த அளவை நெருங்கிவிட்டால் மாற்றத்தான் வேண்டும். எதைச் செய்தாலும் பேட் புதிதாகப் போடுங்கள். போட்டபின் வேகத்தை 60 கிலோமீற்றரிலிருந்து 20 வரை எட்டுப் பத்து முறை பிரேக் பிடித்து நிதானமாகக் குறையுங்கள், முழுசாக நிற்க வேண்டாம். கடைசியில் கொஞ்ச தூரம் பிரேக் பிடிக்காமல் ஓடி ஆற விடுங்கள். வீல் நட்டை ஏர் கன்னால் அடித்து முடித்துவிட விடாதீர்கள். எதிரெதிராக, டோர்க் ரெஞ்சால், வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். ஒரு பக்கம் அதிகமாக இறுகினாலே டிஸ்க் சாயும்.

இனி ஓட்டுவது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கிருந்து கம்பளைக்கு இறங்கினால் ஏறக்குறைய 1,400 மீற்றர் கீழே வருகிறோம். ஒரு டன் வண்டி அப்படி இறங்குகையில் வெளிவரும் சக்தி, பச்சைத் தண்ணீர் 40 லீட்டரைக் கொதிக்க வைக்கும். பாதியைக் காற்றும் டயரும் எஞ்சினும் வாங்கிக்கொண்டாலும் மிச்சம் பிரேக்கின் தலையில்தான். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்று எங்கள் பக்கத்துப் பழைய லொறி டிரைவர்மார் சொல்வது சரிதான். ஓட்டோ கியர் என்றால் லீவரை 'எல்'லில் வையுங்கள், ஹைப்ரிட் என்றால் 'பி'யில். ஹைப்ரிட்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நீண்ட இறக்கத்தில் பேட்டரி நிறைந்துவிட்டால் அது சார்ஜ் ஏற்றி வண்டியைப் பிடிக்காது, சுமை எஞ்சினுக்கும் டிஸ்க்குக்கும் வந்துவிடும்.

இறங்கி வந்து றம்பொடையில் தேத்தண்ணிக்கு நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடி நிற்காதீர்கள். சூடான பேட் அழுத்திய இடத்திலேயே அச்சுப்போல ஒட்டும். கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்கு ஒரு கல் வையுங்கள். அந்தச் சூட்டோடு சேர்விஸ் ஸ்டேஷனில் தண்ணீர் அடிக்கவும் விடாதீர்கள்.

நடுக்கத்தோடு பெடலும் பஞ்சுபோல இறங்கினால் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்துங்கள். பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை இழுக்கும், ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும். டொட் 3 வகை ஒயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ், ஈரம் ஏறியபின் 140 வரை வந்துவிடலாம். கடைசியாக அதை எப்போது மாற்றினீர்கள்? இரண்டு வருடம் தாண்டியிருந்தால் இந்த வேலையோடு அதையும் மாற்றிவிடுங்கள். கழற்றியதும் உள் பேட், வெளிப் பேட் தடிப்பு இரண்டையும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.