துறைமுகக் கிளார்க்கின் இங்கிலீஷ்

அன்புள்ள ஐயா,

கணித மேதை ராமானுஜன் பற்றி 2015-இல் வந்த ஆங்கிலப் படத்தைப் போன வாரம்தான் பார்த்தேன். ராமானுஜனாக நடித்த தேவ் படேல் பேசும் இங்கிலீஷ் எனக்குச் சரியாகத்தான் பட்டது. கூடப் பார்த்த நண்பன் "மெட்ராஸ்காரன் இப்படியா பேசுவான்?" என்று கடைசிவரை முணுமுணுத்தான். வேற்றூர் உச்சரிப்பை ஒரு நடிகரால் உண்மையிலேயே பிடித்துவிட முடியுமா? நம் படங்களில் வெள்ளைக்காரர் பேசும் தமிழ் ஏன் எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறது?

அன்புடன்,
ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

என் ஓட்டு உங்கள் நண்பருக்கு. படேல் லண்டனில் வளர்ந்த குஜராத்திக் குடும்பத்துப் பிள்ளை. 'இந்திய இங்கிலீஷ்' என்று வெளிநாட்டில் ஒரு பொதுச் சரக்கு உண்டு, அவர் பேசுவது அது. ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, 1912-இல் நம்ம துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதியவரின் வாய் அதில் எனக்குக் கேட்கவில்லை. தமிழ் வாய்க்கு 'எம்' என்ற எழுத்து 'யெம்' ஆகும், 'ஒன்லி' 'வொன்லி' ஆகும். 'ஹேப்பி'யில் இரண்டு 'ப'வையும் விடாமல் அழுத்துவோம்.

ஒரு காலத்தில் நான் கால் சென்டர் வேலைக்குப் போனேன். பயிற்சி கொடுத்த அம்மா ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்து, உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு 'பேப்பர்' சொல்லச் சொன்னார். வெள்ளைக்காரர் சொன்னால் முதல் 'ப'வில் காற்று சீறும், காகிதம் ஆடும். தண்டையார்பேட்டை, ராயபுரத்திலிருந்து போயிருந்த எங்கள் ஒருவர் காகிதமும் அசையவில்லை. ஊதி ஊதி மதியத்துக்குள் ஆட்டிவிட்டோம். சாயங்காலம் டீக்கடையில் "அண்ணே, பத்து டீ" என்றபோது காற்றெல்லாம் போன இடம் தெரியவில்லை.

அதாவது ஒலியை யாரும் படித்துக்கொள்ளலாம். ஹாலிவுட் நடிகை மெரில் ஸ்ட்ரீப் போலந்துக்காரியாக நடித்த 1982-ஆம் வருஷப் படத்துக்காக அந்த மொழியையே கற்றார். 1964-இல் 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் அமெரிக்க நடிகர் டிக் வான் டைக் பேசிய காக்னி, அதாவது லண்டன் உழைப்பாளிகளின் பேச்சு, அந்த ஊர்க்காரர்களுக்கு இன்றும் சிரிப்பு. 2017-இல் அவரே மன்னிப்புக் கேட்டார், பாவம்.

என் புகார் வேறு. யாரிடம் பேசும்போது இந்த உச்சரிப்பு என்று படமெடுப்பவர்கள் யோசிப்பதே இல்லை. ராமானுஜன் கேம்பிரிட்ஜில் கணித அறிஞர் ஹார்டியிடம் பேசும்போது நம்மூர் வாடை அடிக்கட்டும், அடிக்கத்தான் வேண்டும். ஆனால் மனைவி ஜானகியிடமும் அதே இங்கிலீஷ். அங்கே நடப்பது தமிழ்ப் பேச்சு, நம் காதுக்கு இங்கிலீஷில் வருகிறது, அவ்வளவுதான். சொந்த வீட்டில் பெண்டாட்டியோடு பேசுகிறவனுக்கு அந்நிய உச்சரிப்பு எங்கிருந்து வரும்?

நம்மவர்கள் இதையே திருப்பிப் போட்டுச் செய்கிறார்கள். இரண்டு துரைமார் தனி அறையில் இருப்பார்கள். பக்கத்தில் ஒரு தமிழன்கூடக் கிடையாது. ஆனாலும் "டமில் மக்கல் ரொம்ப மோசமான ஆல்" என்று ஒருவரிடம் ஒருவர் சிரமப்பட்டுக்கொண்டிருப்பார்கள். யாருக்காக ஐயா இந்தக் கஷ்டம்?

பெரம்பூரில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு ஆங்கிலோ இந்திய அங்கிள் இருந்தார், ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். காலையில் மீன்காரம்மாவிடம் "இன்னாமா, வஞ்சரம் இன்னா வெல சொல்ற?" என்பார். காசிமேட்டுக்காரர் என்றே நினைப்பீர்கள். கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினால் மகனிடம் "வாட் மென், கம் நோ!" தமிழாசிரியரான என் அப்பாவிடம் பேசும்போது மட்டும் அவர் தமிழ் தடுக்கி விழும். "சார், நீங்கள்... சாப்டாச்சு இருக்கா?" மூன்றும் அவருடைய பேச்சுதான்.

'சார்பட்டா பரம்பரை'யில் (2021) ஜான் விஜய் செய்த ஆங்கிலோ இந்திய டாடி பாத்திரம் எனக்குப் பிடித்ததும் இதனால்தான். இங்கிலீஷும் வடசென்னைத் தமிழும் ஒரே மூச்சில் புரளும், இரண்டும் அவர் வீட்டுச் சாமான் மாதிரி.

ஒருநாள் எங்கள் வீட்டு டிவியில் ஏதோ பழைய படம். தொப்பி போட்ட ஆங்கிலோ இந்திய டிரைவர் ஒருவர் "நான் போறான் மேன், நீ வர்றான் மேன்" என்று பத்து நிமிஷம் பேசினார். அங்கிள் கன்னத்தில் கைவைத்துப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரம் வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"யார்பா இவன், எந்த ஊர்க்காரன்?"