யூரியா மூட்டையை கொஞ்சம் ஓரமா வைங்க: தீவனப்பயிர் கேள்வி-பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல எந்த ஊரு, என்ன உயரம், தண்ணி இருக்கா இல்லையான்னே எழுதல. ஊட்டிக்கும் மசினகுடிக்கும் கல்லட்டி வழியா முப்பது கிலோமீட்டர் தான், ஆனா உயரத்துல 1200 மீட்டருக்கு மேல வித்தியாசம், அங்க வர்ற பயிர் இங்க வராது. அடுத்த தடவை இதையெல்லாம் எழுதி அனுப்புங்க.

மசினகுடி பக்கம் மணல் கலந்த செம்மண், போர் தண்ணி இருக்கு. கோ எஃப்எஸ் 29 சோளத்துக்கு நடுவுல தட்டைப்பயறு போடலாமா, எத்தனை வரிசைக்கு எத்தனை?

போடலாம், ஆனா ஒண்ணு யோசிங்க. கோ எஃப்எஸ் 29 பல தடவை அறுக்கிற சோளம், முதல் அறுப்பு 65 நாள்ல, அப்புறம் 50 நாளைக்கு ஒரு தடவை. தட்டைப்பயறு ஒரு தடவை அறுத்தா முடிஞ்சுது, திரும்ப தழையாது. அப்போ பயறோட பலன் முதல் அறுப்புக்கு மட்டும் தான். பயறு கலந்த தீவனமே வேணும்னா ஆப்பிரிக்கன் டால் மக்காச்சோளம் மூணு வரிசை, தட்டைப்பயறு ஒரு வரிசைன்னு போடுங்க, ரெண்டையும் அறுபது நாள் சுமாருக்கு ஒண்ணா அறுத்துரலாம். விதையை கலந்து தூவாதீங்க, சோளம் மேல ஏறி நிழல் கட்டி பயறை அமுக்கிரும்.

ஊட்டில தட்டைப்பயறு வருமா சார்?

வராது, குளிர் தாங்காது. கென்ட் ஓட்ஸ் போட்டு கூட பட்டாணி போடுங்க. பனி விழற மாசத்துல பூ வராத மாதிரி விதைப்பு தேதியை பார்த்துக்கோங்க.

சோளம்+பயறு ஒரு ஏக்கர். விதைச்சப்போ ஒரு மூட்டை யூரியா, 20 நாள்ல இன்னொரு மூட்டை போட்டேன். சோளம் கருகருன்னு இருக்கு, பயறு மட்டும் மஞ்சளா சுருண்டு கிடக்கு. இன்னும் ஒரு மூட்டை போடவா?

போடாதீங்க! இதை எத்தனை தடவை எழுதிட்டேன். மூட்டை 266 ரூபாய்க்கு கிடைக்குதுன்னு எல்லாரும் யூரியாவையே கொட்டுறீங்க. 45 கிலோ மூட்டைல தழைச்சத்து (நைட்ரஜன்) 20 கிலோ சுமார் இருக்கு, நீங்க ரெண்டு மூட்டை போட்டதுல 40 கிலோ ஆச்சு. தீவன மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு மொத்தமே 24 கிலோ தான் சிபாரிசு, ஒரு தடவை அறுக்கிற சோளத்துக்கும் அந்த சுமாரு தான். பயறு வேர்ல முடிச்சு கட்டி காத்துல இருக்கிற தழைச்சத்தை தானே எடுத்துக்கும், மண்ணுல யூரியா நிறைஞ்சு கிடந்தா முடிச்சே கட்டாது. அந்த யூரியாவை குடிச்சு சோளம் தலைக்கு மேல போய் பயறுக்கு வெயிலே விழாம பண்ணிருச்சு. பயறுக்குன்னு விதை வாங்கி, கூலி கொடுத்து, கடைசில நீங்களே அதை கொன்னுருக்கீங்க.

மணல் மண்ணுல இன்னொரு கஷ்டமும் இருக்கு. அந்த மண்ணு உரத்தை பிடிச்சு வைக்காது, ஒரு நல்ல மழைக்கு நீங்க போட்டது வேருக்கு கீழ இறங்கிரும். அதனால தான் கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு போட சொல்றேன். ஏக்கருக்கு நல்லா மக்குன தொழு உரம் அஞ்சு டன்னுக்கு குறையாம, சூப்பர் பாஸ்பேட் 100 கிலோ, பொட்டாஷ் 13 கிலோ அடியுரம். யூரியா மொத்தம் 50 கிலோ, அதை மூணா பிரிச்சு விதைக்கிறப்போ, 20 நாள்ல, 35 நாள்லன்னு சோள வரிசைக்கு மட்டும் ஓரமா போடுங்க, பயறு வரிசை பக்கமே போகாதீங்க. சூப்பர் பாஸ்பேட்ல கந்தகமும் சுண்ணாம்புச்சத்தும் இருக்கு, பயறுக்கு அது வேணும், டிஏபி உரத்துல அது கிடைக்காது.

இதுல மாட்டு உயிரும் இருக்கு. யூரியா அதிகமான இளஞ்சோளத்துல சயனைடு நஞ்சும் நைட்ரேட்டும் ஏறும். பூ எடுக்கிறதுக்கு முன்னாடி வெட்டி போடாதீங்க. காஞ்சு கிடந்த சோளம் ஒரு மழைக்கு துளிர்க்கும் பாருங்க, அந்த துளிர் தான் ரொம்ப மோசம். ரெண்டு கறவை மாடு அதை மேஞ்சு ஒரே சாயங்காலம் செத்ததை கண்ணால பார்த்திருக்கேன், டாக்டர் வந்து சேரவே நேரம் இல்ல. பூ எடுத்த பிறகு அறுங்க, பூ எடுத்த பிறகு அறுங்க.

ரைசோபியம் போட்டும் பலன் இல்ல, ஏமாத்து வேலையா?

இல்ல. ரைசோபியம்ங்கிறது பயறு வேர்ல முடிச்சு கட்ட வைக்கிற, உயிருள்ள நுண்ணுயிர் உரம். ஒரு செடியை மண்ணோட தோண்டி முடிச்சை நகத்தால கீறி பாருங்க, உள்ள இளஞ்சிவப்பா இருந்தா வேலை செய்யுது, வெள்ளையா பச்சையா இருந்தா இல்ல. தட்டைப்பயறுக்கு உள்ளது வேற, குதிரை மசால்ங்கிற தீவனச் செடிக்கு உள்ளது வேற, கடைல கேட்டு வாங்கணும். பாக்கெட்டை தகர கொட்டகைல வெச்சிருந்தா உள்ள இருக்கிறது எல்லாம் செத்திருக்கும். ஆறுன கஞ்சில கலந்து நிழல்ல அரை மணி உலர்த்தி அன்னைக்கே விதைங்க. மலை மண்ணு புளிப்பு மண்ணு, புளிப்பை காட்டுற பிஹெச் அளவு 5 கிட்ட இருந்தா எதை போட்டாலும் முடிச்சு சரியா கட்டாது. மண் பரிசோதனை பண்ணி, விதைக்க ஒரு மாசம் முன்னாடியே டோலமைட் (புளிப்பை குறைக்கிற சுண்ணாம்புக்கல் தூள்) போடுங்க. அதையும் யூரியாவையும் சேர்த்து மட்டும் போட்டுறாதீங்க, அம்மோனியாவா பறந்து போயிரும்.

புல்லு வளரல, என்ன போடணும்?

எந்த புல்லு, எந்த ஊரு? எழுதுங்க, பதில் சொல்றேன்.

பழனி மலை அடிவாரம், மானாவாரி, மணல் பாங்கு. சோளம் ரெண்டு வருஷமா காஞ்சே போகுது.

சோளத்தை விட்டுட்டு கொழுக்கட்டைப் புல் மூணு வரிசை, முயல் மசால்ங்கிற பயறு வகை தீவனம் ஒரு வரிசை போடுங்க. ரெண்டும் வறட்சி தாங்கும், ஒரு தடவை போட்டா சில வருஷம் நிக்கும். முயல் மசால் விதை தோலு கெட்டி, 80 டிகிரி சுடுதண்ணில நாலு நிமிஷம் போட்டு எடுத்து ராத்திரி பூரா பச்சை தண்ணில ஊற வைங்க, கொதிக்கிற தண்ணில போட்டா வெந்துரும். முதல் வருஷம் களை எடுக்கணும், மாட்டை உள்ள விடக்கூடாது.

குதிரை மசால் மட்டும் பசிக்கு போட்டா பால் கூடுமா?

காலைல பனி ஈரத்தோட, வெறும் வயித்துல போட்டா உப்புசம் வந்து மாடு விழுந்துரும். முதல்ல வைக்கோல் இல்ல புல்லு, அப்புறம் இதை கொஞ்சம் வாட வெச்சு கலந்து போடுங்க.

கோத்தகிரில காட்டு மாடு ஓட்ஸை மொத்தமா மேஞ்சிருது, என்ன செய்ய?

வீட்டை ஒட்டின நிலத்துல மட்டும் போடுங்க, எல்லா இடத்துலயும் ஒரே நாள் விதைக்காம பத்து நாள் தள்ளி தள்ளி விதைங்க, மொத்தமும் ஒரே ராத்திரில போகாது. கரண்ட் கம்பி கட்டவே கட்டாதீங்க. மேஞ்சது போக மிச்சத்தை உடனே அறுத்துருங்க, வேர் இருந்தா இன்னொரு துளிர் வரும்.